கறுப்புக் கட்டத்துக்குள் அண்ணை

மோர்னிங்சைட்,
நவம்பர் 13, வியாழக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணை அன்புராசா அவர்களுக்கு,

தம்பி மாக்கஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் வேரோனிக்காவும் சுகம். அங்கு நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் சுகமாக, உயிரோடு, மார்க்கம் நகரில் உங்கள் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைக் கடந்த ஆறு நாளாக நானே அறுபது எழுபது பேருக்கு ரெலிபோனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் இருப்பதால், அந்தக் கேள்வியை இம்முறை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் என் ரெலிபோனை எடுப்பதில்லை. ஆறு வருடமாக எடுப்பதில்லை. ஆனால் கடிதம் என்று வந்தால் வாசிக்காமல் எறிய உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். கடையில் தரும் விளம்பரத் தாளைக்கூட முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துப் பிழை பிடிக்கிற ஆள் நீங்கள். அந்தத் துணிவில்தான் பேனையை எடுத்தேன். நான் கேட்கப்போவது ஒன்றேயொன்று: ஒருமுறை என்னோடு கதையுங்கள், அண்ணை. ஏசுவதென்றாலும் பரவாயில்லை. மற்றதெல்லாம், உங்களை நான் எப்படிச் சாகடித்தேன் என்பதற்கான விளக்கம். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்தவும்.

நான் எழுதுவதை விட்டதற்கே காரணம் நீங்கள்தான் என்று இத்தனை வருடமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எண்பத்தாறாம் ஆண்டு நீங்கள் இங்கே, நான் ஊர்காவற்றுறையில். உங்களை நினைத்து நினைத்து நாலு பக்கம் கடிதம் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. பிரித்தால் உள்ளே என் கடிதமே இருந்தது! சிவப்பு மையில் இருபத்திரண்டு திருத்தம், ஓரத்தில் ‘கவனம் போதாது’ என்று ஒரு குறிப்பு. இரண்டு வருடம் வாத்தியாராக இருந்த பழக்கம் உங்களைக் கனடாவிலும் விடவில்லை. அதன் பிறகு ‘நான் சுகம், நீங்கள் சுகமா’ என்பதற்கு மேல் நான் ஒரு வரி எழுதவில்லை. இங்கே வந்து இருபத்தாறு வருடம் மிசிசாகாவில் விமானச் சாமான் கிடங்கில் வேலை செய்தேன். அங்கே நான் படைத்த மொத்த இலக்கியமும் ‘ஓகே’ என்ற ஒரு சொல்லும் அதன் கீழே என் கையெழுத்தும்தான்.

சென்ற மாசியில் ஓய்வு பெற்றேன். ஒரு கிழமை நன்றாகத்தான் போனது. இரண்டாம் கிழமை வேரோனிக்காவின் குசினி அலுமாரிகளைத் திறந்து, கிடங்கு முறைப்படி மிளகாய்த்தூளுக்கு ஒரு தட்டு, மஞ்சளுக்கு ஒரு தட்டு என்று அடுக்கி, எல்லாவற்றிலும் நம்பர் ஒட்டினேன். அவள் இரண்டு நாள் தேடித் தேடிச் சமைத்தாள். மூன்றாம் நாள், “என்னப்பா, லைப்ரரியிலை வயசுபோன ஆக்களுக்கு எக்சசைஸ் வகுப்பு நடக்குதாம், பேர் குடுத்திட்டு வந்திட்டன், திங்கக்கிழமை போறியள்” என்றாள். ‘போறியளோ’ என்று கேட்கவில்லை, கவனியுங்கள். புதுச் சப்பாத்து, தொளதொளத்த காற்சட்டை, கழுத்தில் துவாய், இந்தக் கோலத்தில் போனேன். அறை மாறிவிட்டது. கதவைத் திறந்தால் ஒன்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் திரும்புவதற்குள் ஒரு பிள்ளை எழும்பி வந்து, “வாங்கோ அங்கிள், இருங்கோ, இண்டைக்குத்தானே முதல்நாள்?” என்று கொப்பியும் பேனையும் தந்தாள். பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர் என் கையில் ஒரு மட்டன் ரோலை வைத்துவிட்டார். ரோலைக் கடித்த பிறகு ‘நான் எக்சசைசுக்கு வந்தனான்’ என்று சொல்ல வாய் வருமா? இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் பெயர் பிரதீபா. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள், திங்கட்கிழமைகளில் வந்து எங்களைப் போன்றவர்களைத் தமிழில் எழுதவைக்கிறாள். அன்று அவள் தந்த வேலை, காலையிலிருந்து கண்ட ஏதாவது ஒன்றைப் பற்றிப் பத்து வரி.

ஒரு மணித்தியாலத்தில் எனக்கு நாலு வரி வந்தது. வேரோனிக்கா குசினியில் கரண்டி எடுக்க இழுத்த லாச்சியைக் கையால் மூடுவதில்லை, இடுப்பால் ஒரு இடி இடித்து மூடுகிறாள் என்று எழுதினேன். எழுதி, சரியில்லை என்று வெட்டி, இன்னொன்று போட்டு, அதையும் வெட்டி, கடைசியில் நான் கண்டது கடதாசியில் அப்படியே வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணை. வீட்டுக்கு வரும்போது பஸ்சிலும் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டார். வீட்டில் வேரோனிக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எக்சசைஸ் பற்றிய உண்மை அப்போது வெளியே வந்தது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். “முப்பத்துமூண்டு வருசத்திலை நான் லாச்சி மூடுறதையும் பாத்திருக்கிறியளோ?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டாள். அடுத்த நாள் வெட்கப்பட்டுக் கையால் மூடினாள். அதற்கு அடுத்த நாள், நான் பார்க்கிறேனா என்று கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, இடுப்பால் ஒரு இடி!

அன்று பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். எழுதத் தொடங்கிய பிறகுதான் கண்ணே திறந்தது என்றால் நம்புவீர்களோ? நாலு வரி எழுதவேண்டும் என்பதற்காக நான் பஸ்சில் ஆட்களின் முகத்தைப் பார்க்கிறேன். இருபத்தாறு வருடம் ஒரே பஸ்சில் போயும் ஒரு முகமும் எனக்கு ஞாபகமில்லை. அறை மாறிப் போன அந்தத் திங்கட்கிழமைக்கு நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொல்லியிருக்கிறேன்.

மெழுகுதிரி என்றதும் உங்களுக்குக் கோபம் ஏறும். விஷயத்துக்கு வருகிறேன்.

புரட்டாதியில் பிரதீபா ஒரு வேலை தந்தாள். “உயிரோடை இருக்கிற ஒராளுக்கு நன்றி எழுதுங்கோ. செத்தாப்பிறகு எல்லாரும் எழுதுவினம், அது அவருக்கு என்னத்துக்கு?” என்றாள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேனை தானாக உங்கள் பெயரை எழுதியது. ஆறு கிழமை எழுதினேன் அண்ணை. பேப்பரில் கறுப்புக் கரையைக் கண்ட கோபத்தில் நீங்கள் அதைக் கிழித்து எறிந்திருந்தால் என்ன செய்வது என்பதற்காகச் சுருக்கம் சொல்கிறேன்.

1988 தை மாதம் நான் இங்கே வந்து இறங்கினேன். மெல்லிய சேட்டு ஒன்று, கீழே கன்வஸ் சப்பாத்து. வெளியே வந்தால் நீங்கள் ஒரு மண்ணிறக் கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மூன்று வருடம் காணாத தம்பி. கட்டிப்பிடிக்கவில்லை, சுகம் கேட்கவில்லை. “கையை விடு” என்றீர்கள், அவ்வளவுதான். கோட்டுக்குள் கையை விட்டேன். தோள் இறுக்கம், கை மணிக்கட்டுக்கு மேலே நின்றுவிட்டது, கழுத்துப்பக்கம் பவுடர் வாசம். அண்ணை அவசரத்தில் அளவு பிழைக்க வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பொத்தான்கள் வேறு இடப்பக்கம் இருந்தன. கனடாவில் கார் மறுபக்கம் ஓடுகிறது, பொத்தானும் மறுபக்கம்தான் போலும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். அந்தக் கோட்டோடுதான் முதல் வேலை தேடினேன், முதல் பனியில் விழுந்தேன். அந்தச் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது என்றும், அதற்கு ஒருநாளும் நான் நன்றி சொன்னதில்லை என்றும் எழுதினேன். அன்ரனெற் மச்சாள் அன்று விமான நிலையத்துக்கு வராததையும், குளிரென்று வீட்டில் இருந்துவிட்டார் போலும் என்று எனக்கு அப்போது வந்த சின்ன மனவருத்தத்தையும் மரியாதைக்காக விட்டுவிட்டேன். உங்கள் மனைவியைப் பேப்பரில் குறை சொல்லுவேனா?

பிரதீபா வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நம்முடைய கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்குமே ஒரு வாரப் பத்திரிகை, அதற்கு அனுப்புவோம் என்றாள். முதல் வரியை மட்டும் வெட்டச் சொன்னாள். இங்கேதான் பிழை என்னுடையது. கட்டுரையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பேப்பரில் நான் நாற்பது வருடமாக வாசித்த ஒரே தொடக்கத்தை எழுதியிருந்தேன்: ‘ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும், மார்க்கத்தை வதிவிடமாகவும் கொண்ட அன்புராசா அவர்கள்...’ அதில் ஒரு மரியாதை இருந்தது அண்ணை, வெட்ட மனம் வரவில்லை. படம் கேட்டார்கள். என் மகள் செரீனாவின் கலியாண அல்பத்திலிருந்து, ரை கட்டிக்கொண்டு சிரிக்காமல் நிற்கிற உங்கள் படத்தைக் கொடுத்தேன். அதைவிட வேறு எப்படியும் நீங்கள் எந்தப் படத்திலும் நின்றதில்லை.

பேப்பர் வெள்ளிக்கிழமை வந்தது. கட்டுரை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் முழுதாக இருந்தது. சுற்றிவரக் கறுப்புக் கரை. மேலே சிலுவை. இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுதிரி, எரிந்துகொண்டு. பக்கம் அமைக்கிற கஜீவன் என்ற பெடியனுக்கு நான் ரெலிபோன் எடுத்துக் கத்தினேன். அவன் அழாக்குறையாகச் சொன்னான்: “அண்ணை, பத்தொன்பது வருசமா நான் இந்தப் பக்கம் செய்யிறன். பிறப்பிடம், வதிவிடம், ரை கட்டின படம், பேர் அன்புராசா அவர்கள், மாசம் நவம்பர், இறந்தவையின்ர மாசம்... கை தன்ரபாட்டிலை போட்டிட்டுது. ரெண்டு மெழுகுதிரி நான் வழமையாப் போடுறேல்லை, உங்கட அண்ணையின்ர முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது.” இதற்குமேல் அவனை என்ன ஏசுவது?

எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. படம், கரை, மெழுகுதிரி, முடிந்தது. மூன்றாம் பந்தியில் ‘அண்ணை இன்றும் தன் வாசலில் தானே பனி தள்ளுகிறார்’ என்று எழுதியிருக்கிறேனே, அதை ஒரு மனிதர் கண்டிருக்கக்கூடாதா? பத்து மணிக்கு உங்கள் மகள் ஸ்டெபனி ரெலிபோன் எடுத்தாள். “சித்தப்பா, அப்பா செத்திட்டார் எண்டு பேப்பரிலை கிடக்காம், அப்பா மற்ற லைனிலை நிண்டு கத்துறார், வாட் இஸ் கோயிங் ஒன்?” பன்னிரண்டு மணிக்குப் புனிதவதி அன்ரி புட்டும் கத்தரிக்காய்க் கறியும் முப்பது பேருக்குச் சமைத்துக்கொண்டு உங்கள் வாசலில் நின்றிருக்கிறார். கதவைத் திறந்த உங்களையே கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, “அன்புராசாவை எப்ப பாக்க விடுவினம் தம்பி?” என்று உங்களிடமே கேட்டாராம். நீங்கள், “இப்ப பாருங்கோ” என்றீர்களாம். பழைய மாணவர் சங்கம் மலர்வளையத்தோடு வந்து, உங்களைக் கண்டு திகைத்து, கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போகவும் வெட்கப்பட்டு, “இதை எங்கை வைக்கிறது?” என்று கேட்க, “கராஜுக்குள்ளை வையுங்கோ, தேவைப்படும்” என்று சொன்னீர்களாம். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலின் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தேன். மன்றாட்டு வாசிக்க நீங்கள் எழும்பிப் போனீர்கள். யாரோ நல்ல மனதோடு உங்கள் பெயரையும் இறந்தவர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் பட்டியலைப் பார்த்தீர்கள். வேறு யாராக இருந்தாலும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடதாசியில் உள்ளதை உள்ளபடி வாசித்தீர்கள்: “அண்மையில் எம்மைவிட்டுப் பிரிந்த அன்புராசா அவர்களின் ஆன்மா இளைப்பாற வேண்டுமென்று...” முழுக் கோயிலும் உங்களைப் பார்த்துக்கொண்டே, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. நானும் சொன்னேன். ஆனால் நான் மன்றாடினது வேறு.

அண்ணை, நீங்கள் இதை நான் வேண்டுமென்று செய்ததாக நினைக்கிறீர்கள் என்று ஸ்டெபனி சொன்னாள். கலியாணத்தில் மறந்தான், இப்போது ஒரேயடியாக முடித்துவிட்டான் என்று சொன்னீர்களாம். கலியாணத்தைப் பற்றி இன்று எழுதிவிடுகிறேன். அன்று நான் வாசித்த நன்றியுரை நான் எழுதியதில்லை. என்னோடு வேலை செய்த அன்ட்ரூ தன் மகளின் கலியாணத்தில் வாசித்த பேச்சு அது. “பேரை மட்டும் மாத்தடா, மச்சான்” என்று தந்தான். மாற்றினேன், முழுவதும் மாற்றவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த பெரியப்பாவுக்கு நன்றி சொன்னேன். நமக்கு டென்மார்க்கில் ஒரு பூனையும் இல்லை. பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். அன்ட்ரூவுக்கு அண்ணன் இல்லை, அதனால் அந்தப் பேச்சிலும் அண்ணன் இல்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, தன் வீட்டில் நாலு வருடம் வைத்திருந்த அண்ணையும் மச்சாளும் முன்வரிசையில் இருக்க, நான் இல்லாத பெரியப்பாவுக்கு நன்றி சொன்னேன். சாப்பிடாமல் எழும்பி வந்து, “பேச்சு நல்லாயிருந்தது. ஆர் எழுதினது?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஆறு வருடம் பிந்திவிட்டது. இப்போது சொல்கிறேன்: அதை நான் எழுதவில்லை. பேப்பரில் வந்ததை நான்தான் எழுதினேன், ஒவ்வொரு எழுத்தும்.

இனி எழுதமாட்டேன். வேரோனிக்கா மாதா படத்துக்கு முன் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கடைச் சாமான் பட்டியல் மட்டும் அனுமதி, அதையும் அவள் சரிபார்ப்பாள். கொப்பியையும் அவளிடம் கொடுத்துவிட்டேன், நம்பர் ஒட்டின மஞ்சள் போத்தலுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இந்தக் கடிதம் கடைசி. இது எழுதவும் அரைமணித்தியாலம்தான் தந்தாள், மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது. ஆனாலும் எனக்குக் கிடைத்த இந்த எட்டு ஒன்பது மாதங்களுக்கு நன்றியோடு இருக்கிறேன். எழுதியிராவிட்டால் அந்தக் கோட்டுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றியிராது.

ஸ்டெபனிக்கு என் அன்பு. அன்ரனெற் மச்சாளையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களுக்கு நீடித்த ஆயுளை மாதா தரவேண்டும். இதை இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, முழு மனதோடு எழுதுகிறேன்.

நீங்கள் நூறு வயதுவரை இருந்து என்னை ஏசவேண்டும் என்று வேண்டும்,
தம்பி மாக்கஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிறேன், தெருமுனையில் எங்கள் வீட்டுக்கென்று உள்ள தபால்பெட்டியைத் திறந்துவிட்டு வேரோனிக்கா ஓடி வருகிறாள். மார்க்கத்திலிருந்து ஒரு கடிதம்! உங்கள் கையெழுத்து! உள்ளே என் கட்டுரை, கறுப்புக் கரையோடு வெட்டியெடுத்தபடி, சிவப்பு மையில் பதினான்கு திருத்தம். அண்ணை, ரொறன்ரோவில் அதை முழுதாக வாசித்த ஒரே ஆள் நீங்கள்தான்! சிவப்பு மையைக் கண்டு இந்த வயதில் நான் குசினிக்குள் துள்ளினேன். பதின்மூன்று திருத்தத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பதினான்காவதைத்தான் நின்றபடியே நாலுதரம் வாசித்தேன். கோட்டு வருகிற இடத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள்: ‘தகவல் பிழை. கோட்டு என்னுடையதன்று. அன்ரனெற்றுடையது. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். அவள் விமான நிலையத்துக்கு வராததற்கும் காரணம் அதுவே. அந்த மாதம் முழுவதும் இரண்டு சுவெற்றரோடு விடிய விடிய பஸ்சுக்கு நின்றாள். உனக்குச் சொல்லக்கூடாது என்றாள். பொத்தான் இடப்பக்கம் இருந்ததைக் கவனித்திருக்கிறாய். முப்பத்தேழு வருடத்தில் ஏன் என்று யோசிக்கவில்லை. பத்துக்கு ஆறு. திருத்தி எழுதிக்கொண்டு நேரில் வரவும்.’

ஆகவே மேலே எழுதியது முழுவதும் ஆள் மாறிப் போய்விட்டது. கோட்டுக்காக உங்களுக்குச் சொன்ன நன்றியைத் திருப்பித் தரவும். சத்தியமும் முடிந்தது. வேரோனிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் போத்தலுக்குப் பின்னாலிருந்து கொப்பியை எடுத்துத் தந்துவிட்டு, இப்போது காரில் இருந்து ஹோர்ன் அடிக்கிறாள். ‘அன்புள்ள அன்ரனெற் மச்சாளுக்கு’ என்று எழுதிவிட்டேன், அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. மிச்சத்தை உங்கள் வீட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். சிவப்புப் பேனையை எடுத்து வையுங்கள், வந்துகொண்டிருக்கிறேன்.